பசித்த கருவும் நாற்பது வயதுச் சர்க்கரையும்

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 43. உயரம் 168 செ.மீ., எடை 60 கிலோ. என்னை யாரும் குண்டு என்று சொன்னதில்லை. இனிப்பில் பெரிய நாட்டமும் இல்லை. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை கிடையாது. ஆனால் சென்ற மாதம் வெறும் வயிற்றில் எடுத்த பரிசோதனையில் 148 வந்தது. இரண்டாம் முறை எடுத்தபோதும் அதே அளவில்தான் இருந்தது. நான் வயிற்றில் இருந்த ஆண்டில் வீட்டில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்றும், பிறந்தபோது நான் இரண்டு கிலோகூட இல்லை என்றும் அம்மா சொல்வார். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். உங்கள் ஒருவருடைய சர்க்கரைக்கு அதுதான் காரணம் என்று உறுதிசெய்யும் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்க்கும்போது, கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய ஊட்டம் பெறாதவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மறுபடி மறுபடி தெரியவந்திருக்கிறது. அம்மா சொன்ன அந்தத் தகவல் உங்கள் மருத்துவக் குறிப்பில் முதல் வரியாக இருக்க வேண்டியது.

இதை உலகம் கவனித்த கதை ஒரு பேரேட்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷர் பகுதியில் 1911 முதல் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. குழந்தை பிறந்தவுடன் அதன் எடை குறிக்கப்படும். பின்னர் சுகாதாரச் செவிலியர் வீடு தேடிச் சென்று பார்ப்பார். ஓராண்டு நிறையும்போது மறுபடி எடைபோட்டு, தாய்ப்பாலா புட்டிப்பாலா, எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதுவரை எழுதிவைப்பார். டேவிட் பார்க்கர், நிக் ஹேல்ஸ் என்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்து, 1920 முதல் 1930 வரை பிறந்து அதே பகுதியில் வாழ்ந்துவந்த 370 ஆண்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பிறந்தபோதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களுக்கே குளுக்கோஸைச் சமாளிக்கும் திறன் அதிகம் கெட்டிருந்தது. 1991இல் இந்த முடிவு வெளியானது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு செவிலியர் மை தொட்டு எழுதிய எண், முதியவர் ஒருவரின் ரத்தச் சர்க்கரையோடு ஒத்துப்போனது என்பதை நினைக்கும்போது, ஒவ்வொரு குழந்தையின் எடையையும் பொறுமையாகக் குறித்துவைக்கும் கைகள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டாகிறது.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது? கருவுக்கு வரும் ஊட்டம் குறையும்போது, அது கிடைத்ததை எல்லா உறுப்புகளுக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை. மூளைக்கு முதலிடம் கொடுத்து ரத்த ஓட்டத்தை அங்கே திருப்பிவிடுகிறது. கணையம், தசை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை எஞ்சியதைக் கொண்டு வளர்கின்றன. உயிரைக் காக்கச் செய்யப்படும் சரியான ஏற்பாடு இது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் கருவிலும் முதல் சில ஆண்டுகளிலும்தான் வேகமாகப் பெருகுகின்றன. அதற்குப் பிறகு அந்தப் பெருக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தசை நார்களின் எண்ணிக்கையும் பிறக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பின்னாளில் உடற்பயிற்சி செய்தால் இருக்கிற நார்கள் தடிக்குமே தவிர, எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. ஆகவே இன்சுலினைச் சுரக்கும் இடமும், குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும் இடமும் இரண்டுமே சிறிதாக அமைந்துவிடுகின்றன.

சாப்பிட்டு எழுந்த அடுத்த சில நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் பீட்டா செல்கள் ஏற்கெனவே சேமித்துவைத்திருக்கும் இன்சுலினை ஒரே வீச்சில் வெளிவிட வேண்டும். அந்த முதல் வீச்சுதான், சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும் கல்லீரலை நிறுத்தச் சொல்கிறது. தசைச் செல்லின் உள்ளே இருக்கும் குளுக்கோஸ் கடத்திப் புரதங்களை மேற்பரப்புக்கு வரவழைத்து, குளுக்கோஸ் நுழைய வழி செய்கிறது. பீட்டா செல்கள் குறைவாக இருந்தால் முதல் வீச்சு பலவீனமாகிறது. தசையில் அந்தப் புரதங்கள் குறைவாக இருந்தால் வந்த இன்சுலினும் முழுப் பயன் தருவதில்லை. டென்மார்க்கில் எடை குறைந்து பிறந்து, அப்போது 19 வயதாகியிருந்த ஆரோக்கியமான இளைஞர்களின் தசையை எடுத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சரியாகவே இருந்தும், அந்தக் கடத்திப் புரதம் ஏற்கெனவே குறைந்திருந்தது. நோய் வெளியே தெரிவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் முன்பே உள்ளே இப்படி ஒரு நிலை இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தச் சிறிய கொள்ளளவு இளமையில் போதுமானதாகவே இருக்கும். வயது ஏறும்போது தசை மெலிகிறது, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது, உட்கார்ந்தே செய்யும் வேலை கூடுகிறது. இன்சுலினுக்கான தேவை ஏறிக்கொண்டே போக, ஒரு நாள் இருப்பு போதாமல் போகிறது. உங்களுக்கு அது 43 வயதில் நடந்திருக்கலாம்.

“நான் ஒல்லிதானே” என்ற உங்கள் குழப்பத்துக்கும் பதில் இருக்கிறது. சித்தரஞ்சன் யாஜ்னிக், ஜான் யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் ஆங்கிலேயர், தங்கள் இருவரின் படத்தையே 2004இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீட்டெண்ணும், அதாவது பிஎம்ஐ, 22.3தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1%, யாஜ்னிக்கின் உடலில் 21.2%. எடைத் தட்டில் இருவரும் ஒன்று. உள்ளே இருவரும் வேறு. யாஜ்னிக் குழுவினர் புணே அருகே பிறந்த குழந்தைகளை அளந்தபோது, சராசரி 2.7 கிலோதான் இருந்த அந்தக் குழந்தைகளிடம் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறுத்திருக்க, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாமல் இருந்ததைக் கண்டார்கள். ஆகவே எடையைப் பார்த்து நிம்மதி அடையாமல், ஓர் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற எல்லையைத் தாண்டினால், எடை எதுவாக இருந்தாலும் கவனம் தேவை.

செய்ய வேண்டியது: மருத்துவர் தந்த மாத்திரையைத் தவறாமல் எடுங்கள். பட்டினி கிடந்து எடையைக் குறைக்க முயலாதீர்கள். உங்களிடம் தசை குறைவு, அதையும் இழந்தால் நிலைமை மோசமாகும். புரதத்தைக் கூட்டி, தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சிகளை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்து, மற்ற நாள்களில் வேகமாக நடங்கள். பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், சிறியதாகப் பிறந்தவர்களுக்கே உடற்பயிற்சியின் பாதுகாப்பு அதிகம் கிடைத்தது. கருவில் அமைந்த தசை நார்களின் எண்ணிக்கையை மாற்ற முடியாவிட்டாலும், அவற்றை நன்றாக வேலை செய்யவைக்க இன்றைக்கும் முடியும்.

கேள்வி: பஞ்சத்தைத் தாண்டிப் பிழைத்தவர்கள் உறுதியான உடல்வாகு உள்ளவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டபோது கருவில் இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை கூடவில்லை என்றும் படித்தேன். அப்படியானால் இந்தக் கருத்தே தவறுதானே?

பதில்: நல்ல கேள்வி. நீங்கள் படித்தது உண்மைதான். 1941 முதல் 1944 வரை முற்றுகையிடப்பட்டிருந்த அந்த நகரில் கருவில் இருந்தவர்களை 1997இல் வெளியான ஆய்வில் சோதித்தபோது, சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நெதர்லாந்தின் கதை வேறு. அங்கே 1944 இறுதியிலிருந்து 1945 மே வரை, நன்றாக உண்டுவந்த மக்கள்மேல் திடீரெனப் பசி இறங்கியது. ஒரு நாளுக்கான பங்கீட்டு உணவு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. போர் முடிந்ததும் உணவு உடனே திரும்பியது. அந்தச் சில மாதங்களில் கருவில் இருந்தவர்கள் ஐம்பது வயதை எட்டியபோது, குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தச் சர்க்கரை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இன்சுலின் சுரப்பும் போதவில்லை.

இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு? லெனின்கிராடில் முற்றுகைக்கு முன்பும் வறுமை, பிறகும் நெடுங்காலம் பற்றாக்குறை. கருவில் கிடைத்ததும் வளர்ந்தபின் கிடைத்ததும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்ததால், சிக்கனமாக அமைந்த உடல் சிக்கனமான வாழ்க்கைக்குப் பொருந்திப்போனது. நெதர்லாந்தில் அப்படி இல்லை. வறண்ட காலத்துக்குத் தயாரான உடல் வளமான காலத்தில் வளர்ந்தது. தீங்கு பெரும்பாலும் இந்தப் பொருந்தாமையிலிருந்து வருகிறது என்றே நான் கருதுகிறேன். 1959–61 சீனப் பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களிடமும், பின்னாளில் வசதியும் கொழுப்பு மிகுந்த உணவும் பெற்றவர்களுக்கே சர்க்கரை அதிகம் வந்திருந்தது.

எந்த மாதத்தில் பசி வந்தது என்பதும் முக்கியம். உக்ரைனில் 1932–33இல் ஏற்பட்ட பஞ்சத்தைப் பற்றி 2024இல் வெளியான மிகப் பெரிய ஆய்வில், பஞ்சம் கடுமையாக இருந்த பகுதிகளில் கருவின் தொடக்க மாதங்களில் பசிக்கு ஆளானவர்களுக்கு, பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை இரண்டு மடங்குக்கும் மேல் வந்திருந்தது. கருவின் இறுதி மாதங்களில் மட்டும் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை. நெதர்லாந்திலும், கருத்தரித்த காலத்தில் பசியைச் சந்தித்தவர்களை ஆறு பத்தாண்டுகள் கழித்து அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது, வளர்ச்சியை முறைப்படுத்தும் ஒரு மரபணுவின் மேல் இருக்க வேண்டிய வேதிக் குறிகள் குறைந்திருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அது எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதற்கான குறிதான் மாறியிருந்தது.

பிழைத்தவர்கள் உறுதியானவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பசியைத் தாங்கும் உறுதி வேறு, மிகுதியைத் தாங்கும் உறுதி வேறு.

கேள்வி: என் பேரன் 2.1 கிலோ எடையில் பிறந்தான். இப்போது ஏழு மாதம். “கொழுகொழுவென்று ஆக்கிவிடு, எல்லாம் சரியாகிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். மருமகளோ பயப்படுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, உங்கள் மருமகளின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் குழந்தைக்கு உணவைக் குறைத்துவிடவும் கூடாது. முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தை நீளமாகவும் தசையோடும் வளர்வது நல்லது. அதைத் தாண்டிய வயதில் வேகமாகச் சதை போடுவதுதான் தொல்லை.

டெல்லியில் பிறப்பு முதல் தொடர்ந்து அளக்கப்பட்டுவந்த 1,492 பேரை 26 முதல் 32 வயதுக்குள் சோதித்து, 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்திருந்தவர்களின் குழந்தைப் பருவக் குறிப்புகளைப் பார்த்தால், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன்பின் 12 வயதுவரை தம் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது படிப்படியாகப் பருத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்த 12 வயதில் அவர்களில் ஒருவர்கூடக் குண்டுப் பிள்ளை அல்ல! பார்ப்பவர்கள் “இப்போதுதான் பையன் தேறியிருக்கிறான்” என்று மகிழ்ந்திருப்பார்கள்.

இதன் மறுபக்கம் எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது. பிரேசிலின் சா பாவ்லோ நகரில் ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு வந்த ஏழைக் குழந்தைகளுக்கு முறையான உணவும் மருத்துவமும் தந்து, எடையை மட்டுமன்றி உயரத்தையும் மீட்ட பிறகு, வளரிளம் பருவத்தில் சோதித்தபோது இன்சுலினும் குளுக்கோஸும் இயல்பாகவே இருந்தன. எடையை மட்டும் ஏற்றுவது மீட்பு ஆகாது. உயரமும் சேர்ந்து மீள வேண்டும். குவாத்தமாலாவின் கிராமங்களில் 1969 முதல் 1977 வரை புரதம் சேர்ந்த கஞ்சி கொடுத்த திட்டத்திலும், கருவிலிருந்து இரண்டு வயதுவரை முழுதாகப் பெற்றவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அவர்களிடையே உடல் பருமன் கூடியிருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால்தான் இரண்டு வயதுக்குப் பின் கவனம் என்கிறேன்.

மாதம் ஒருமுறை எடையோடு நீளத்தையும் அளந்து, வளர்ச்சி அட்டையில் இரண்டு கோடுகளையும் குறிக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் தொடரட்டும், இணை உணவில் புரதமும் இரும்புச்சத்தும் இருக்கட்டும், சர்க்கரை வேண்டாம். கடைசிச் சொல்லை நான் லேசாகச் சொல்லவில்லை. பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1953இல்தான் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டு 2024இல் வந்த ஆய்வில், கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் சர்க்கரை குறைவாகப் பெற்றவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஏறக்குறைய 35% குறைந்திருந்தது. பேரனுக்குப் பல் முளைக்கும் முன்பே இனிப்பைப் பழக்கும் அன்பை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. சர்க்கரையின் முன்நிலை என்கிறார்கள். அவள் வயிற்றில் இருந்தபோது எனக்கு விடாத வாந்தி. சரியாகச் சாப்பிடவே முடியவில்லை. அவளும் சிறியதாகத்தான் பிறந்தாள். இரவில் தூக்கம் வரவில்லை, டாக்டர். நான்தான் காரணமா?

பதில்: இல்லை, அம்மா. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. குழந்தையின் பிறப்பு எடையைத் தாய் ஒன்பது மாதம் உண்ட உணவு மட்டும் தீர்மானிப்பதில்லை. நஞ்சுக்கொடி எவ்வளவு நன்றாக வளர்ந்தது, தொற்றுகள், ரத்தசோகை, தாயின் வயது, உடலை வருத்திய வேலை, தாயின் உயரம், தாயே எவ்வளவு எடையில் பிறந்தாள் என்று பலவும் அதில் சேர்கின்றன. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளாகப் பின்னாளில் உருவெடுத்த அந்தச் சினைமுட்டை, நீங்கள் உங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. உங்கள் தாயார் அந்த நாள்களில் என்ன சாப்பிட்டாரோ, யாருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் என்ன மிஞ்சியதோ, அதுவும் இந்தக் கணக்கில் இருக்கிறது. மூன்று தலைமுறைப் பெண்கள் தட்டில் விழாமல் போன உணவுக்கு ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குவதை என்னால் ஏற்க முடியாது.

மகளுக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. முன்நிலையில் உள்ளவர்கள் முறையாக உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டால் நோய் வருவதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் இந்த வழி 58% பேருக்குப் பலன் தந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். சரியாகச் சொன்னால், நோய் வரும் வேகம் 58% குறைந்தது. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால், அதற்குச் சில மாதங்கள் முன்பே ரத்தசோகை, வைட்டமின் பி12, ரத்தச் சர்க்கரை மூன்றையும் பார்த்துச் சரிசெய்துகொள்ளட்டும். புணே ஆய்வில், கர்ப்பத்தில் பி12 குறைந்தும் ஃபோலேட் என்ற இன்னொரு வைட்டமின் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை, அதிகமாக இருந்தது; வயிறு நிறைவது மட்டும் ஊட்டம் ஆகாது என்பதற்கு இது நல்ல சான்று. எடை குறைந்து பிறந்த பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பும் கூடுதல். அந்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால், பசிக்கு நேர் எதிரான வழியில், அடுத்த குழந்தைக்கும் இதே நோய் நெருங்கிவரும். ஆகவே கர்ப்பம் உறுதியானவுடனேயே சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, 41 கிலோ. சிறுவயதில் மிகவும் நோஞ்சான். முதல் வகைச் சர்க்கரை என்று இன்சுலின் போடுகிறார்கள். இப்போது ‘ஐந்தாம் வகை’ என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவாக இருக்குமா? இன்சுலினை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில், நிறுத்தாதீர்கள். மருத்துவரைப் பார்க்காமல் ஓர் ஊசியைக்கூடத் தவறவிட வேண்டாம்.

ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு வரும் இந்தச் சர்க்கரையை 1955இல் ஜமைக்காவில் ஹ்யூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். உலக சுகாதார நிறுவனம் 1985இல் இதைத் தனி வகையாக ஏற்று, 1999இல் சான்று போதாதென்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு வேலூரில் இத்தகைய மெலிந்த நோயாளிகளை நுணுக்கமாகச் சோதித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், இவர்களுக்கு இன்சுலின் சுரப்புதான் வெகுவாகக் குறைந்திருக்கிறது, இன்சுலினை உடல் ஏற்றுக்கொள்வதில் இரண்டாம் வகையினரைப்போலப் பெரிய தடை இல்லை என்று தெரிந்தது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று அறிவித்தது. எல்லா நிபுணர்களும் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஏழைகளின் நோய் ஒன்றுக்கு மறுபடி ஒரு பெயர் கிடைத்ததை நான் வரவேற்கிறேன். பெயர் இருந்தால்தான் ஆராய்ச்சியும் மருந்தும் அதைத் தேடி வரும்.

முதல் வகையிலிருந்து பிரித்தறிய, கணையத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்றும், உடல் தானே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு அளவு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். கணையத்தில் கல் இல்லை என்பதை ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும். இந்த வகையினருக்குக் குறைந்த அளவு இன்சுலின் போதுமானதாக இருக்கலாம்; வீட்டில் சாப்பாடு சரியாக இல்லாதபோது வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உங்கள் தம்பி எத்தனை வேளை சாப்பிடுகிறார் என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஊசியின் அளவை அதைக் கேட்காமல் சரியாக முடிவுசெய்ய முடியாது.

கேள்வி: எடை குறைந்து பிறந்தவர்கள் எந்த வயதிலிருந்து, எந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்கள், ஒல்லியாக இருந்தாலும், 30 வயதில் தொடங்கி மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, இடுப்பளவு கூடியிருந்தால் இன்னும் முன்னதாக. வெறும் வயிற்றுச் சோதனையோடு நிறுத்தாமல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் எடுங்கள். இன்சுலினின் முதல் வீச்சு பலவீனமானவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். 140க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை முன்நிலை, 200 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, ரத்தசோகை உள்ளவர்களிடம் தவறாகக் காட்டக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதத்தையும் சேர்த்தே பாருங்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் பிறப்பதற்குள் உருவாகி முடிந்துவிடுபவை, கருவில் ஊட்டம் குறைந்தால் அவையும் எண்ணிக்கையில் குறையும். பிறந்த எடை தெரியாதவர்கள், கேட்டுச் சொல்ல வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.